உறைந்து நின்ற கணிப்பொறி

பொறி பழுதுற்றால், அதற்குமுன் யாது மாறிற்று என வினவுதலே முதற்கடன். மேகமலைத் தேயிலைத் தோட்டத்து மூதாட்டியர்பால் யாம் கேட்டெழுதிய தாலாட்டுக்கள், ஆங்குள்ள நண்பர் இல்லத்துப் பழைய கணிப்பொறியில் இருந்தன. விரைவு போதாமையால், அதிலிருந்த 4 ஜிபி ராமுக்குத் துணையாக மற்றொன்று வாங்கி, வெறுமையாயிருந்த இரண்டாம் ஸ்லாட்டில் செருகினோம். அன்றுமுதல் சிறிது நேரம் ஓடியதும் திரை உறைந்துவிடும், மவுசும் அசையாது. கடைத்தெருவார் இதனை 'ஹேங்' என்பர்.

அனைத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுக என்றார் ஒருவர். அழித்தால் தாலாட்டு என்னாவது? புது ராமைக் கழற்றினோம். பொறி தடையின்றி ஓடிற்று. உடனே பாடல்களைப் பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டோம்.

இனி விற்றவரோடு வழக்காடுதல் எளிது. ஆயினும் புதியதை முதல் ஸ்லாட்டில் தனியே இட்டுப் பார்த்தோம். பழுதில்லை! பழையதை இரண்டாவதில் இட்டபோதோ, பொறி நின்றது. ஆகவே குற்றம் ராமினதன்று, ஸ்லாட்டினது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்து மூடுபனியின் ஈரமும் தூசியும் அதன் தொடுமுனைகளில் நெடுநாள் படிந்திருந்தன. 1947-இல் ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறி இடருற்றபோது, அதன் ரிலேயில் அகப்பட்டிருந்தது ஒரு விட்டிற்பூச்சி. எமக்கு வாய்த்ததோ பனி.

மின்னிணைப்பை நீக்கி, இரும்புக் கூட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த மென்றூரிகையால் ஸ்லாட்டைத் துடைத்து உலரவிட்டோம். இரண்டு ராம்களையும் இட்டு, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுதும் ஓட்டினோம். விடியலில் பிழை 0. எஞ்சிய தாலாட்டைத் தட்டெழுத அமர்ந்தோம்.