காலையில் மூட்டி வைத்தால் மாலையில் கறி

கேள்வி: அக்கா, கட்டாரில் இருக்கிற அண்ணா ஒரு ஸ்லோ குக்கர் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது அடுப்படியில் நிற்க ஏலாது. சமையல் எனக்குப் புதுசு. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் வீடு வர ஐந்தரையாகும். போன கிழமை அதில் பாரை மீன் வைத்தேன். மீன் கரைந்து, பால் திரைந்து போயிற்று. சாமான் பிழையா? எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, பாண்டிருப்பு

பதில்: தங்கச்சி, சாமானில் பிழையில்லை. மீன்தான் அதற்குப் பொருந்தாது. கரையிலிருந்து வந்த மீன் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அதைச் சட்டியிலேயே வையுங்கள். மைசூர்ப் பருப்பும் அப்படித்தான். ஸ்லோ குக்கர், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, மணிக்கணக்காக நிற்கும் சூடு. எலும்போடு கிடக்கும் முற்றல் இறைச்சிக்கும் கடலைக்கும் அதுதான் வேண்டும். 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சனின் மனதில் இருந்ததும், யூதர்கள் ஓய்வுநாளுக்காக இரவு முழுக்க வேகவிடும் அவரையும் இறைச்சியும்தான்.

முதலில் ஆட்டிறைச்சி வையுங்கள். வெங்காயம், இஞ்சி, உள்ளியை முதல்நாள் இரவே வெட்டி, இறைச்சியோடு கலக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலையைச் சிவக்க வதக்கி, இறைச்சியையும் கறித்தூளையும் போட்டுப் பிரட்டுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குக்கருக்குள் எதுவும் சிவக்காது. வதக்காத கறி அவித்த இறைச்சி போலத்தான் இருக்கும். பிறகு குக்கரில் கொட்டி, ஒரு கிலோவுக்கு அரைக் கோப்பை சுடுதண்ணீர் விட்டால் போதும். ஆவி வெளியே போகாததால் இறைச்சியே தண்ணீர் விடும். ‘லோ’வில் எட்டு மணித்தியாலம் வேண்டும்; நீங்கள் வரும்வரை சற்றுக் கூட நின்றாலும் பழுதில்லை. இடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஒருதரம் திறந்தால் போன சூடு திரும்ப இருபது நிமிடமாவது வேண்டும். தேங்காய்ப்பால் நீங்கள் வந்த பிறகு, கடைசி அரை மணித்தியாலத்தில். நெடுநேரச் சூட்டில்தான் உங்கள் பால் திரைந்தது.

திரௌபதி அம்மன் கோயில் சடங்குக் காலத்தில், வீட்டில் மச்சம் இல்லாத நாட்களுக்குக் கடலை அருமை. இரவில் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் காலையில் வைத்தால் மாலையில் பஞ்சாக இருக்கும். ஆனால் சிவப்புக் கிட்னி பீன்ஸை மட்டும் நேரே போடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு இந்தச் சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றோட்டம் வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் அரை மணித்தியாலம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்குப் போகவேண்டும்.

மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 200 வாட் குக்கர் எட்டு மணித்தியாலம் ஓடினாலும் 1.6 அலகுதான். கரண்ட் போவதுதான் கவலை. 60 பாகைக்குக் கீழே சூடு இறங்கினால் கிருமி பெருகும். அம்மாவிடம் சொல்லிவையுங்கள்: கரண்ட் நின்றால் நேரத்தைப் பார்த்து, உடனே கறியைச் சட்டிக்கு மாற்றி அடுப்பில் முடிக்க யாரையாவது கூப்பிடட்டும். வீட்டில் ஆளில்லாத நேரம் நின்று, எவ்வளவு நேரமென்று தெரியாவிட்டால், மனம் நொந்தாலும் கறியைக் கொட்டிவிடுங்கள். குக்கரின் மண்பாத்திரத்தைக் காஸ் அடுப்பில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும்.

முதல்தரம் நீங்கள் வீட்டில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். உங்கள் குக்கர் எத்தனை மணித்தியாலத்தில் இறைச்சியை எலும்பிலிருந்து கழற்றுகிறது என்று பார்த்துக்கொண்டால், வேலைநாளுக்கு அந்தக் கணக்கே போதும்.