பன்னிரண்டு நாற்காலியும் ஒரு கோடு போட்ட நோட்டும்

தொழில் கேள்வி–பதில்

கேள்வி: யானைக்கவுனியில், அப்பாவின் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஆறு வருடமாக ஒரு சின்ன பி.பி.ஓ. நடத்துகிறேன். அமெரிக்க டாக்டர்களுக்கு மெடிக்கல் பில்லிங் செய்கிறோம். 12 பேர். முக்கால்வாசி வேலை ஒரே அமெரிக்க கம்பெனியிடமிருந்து நேரடியாக வருகிறது. மீதி, சென்னையில் உள்ள ஒரு பெரிய கம்பெனி கொடுக்கும் சப்-கான்ட்ராக்ட். இப்போது அமெரிக்கக்காரர்கள், "மூன்று மாதத்தில் 40 பேர் ஆக்க முடியுமா? வராத பணத்தைக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்யும் ஏ.ஆர். காலிங்கையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் இடம் பார்க்கலாமா? லோன் போடலாமா? புது ஆட்களுக்கு டிரெயினிங் பற்றிக் கவலை இல்லை. எங்கள் சீனியர் அக்கா ஒருவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். பணம் மட்டும்தான் யோசனை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், யானைக்கவுனி

பதில்: பணம் மட்டும்தான் யோசனை என்கிறீர்கள். எனக்கு அந்த நோட்டுதான் யோசனை.

அதில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடுவேன். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி எந்த டாக்டரின் க்ளெய்மை எதற்காகத் திருப்பியது, எதை மாற்றி அனுப்பியதும் பணம் வந்தது, யாருக்கு எந்தத் தாளை இணைக்க வேண்டும், யாருக்கு ஃபேக்ஸ்தான் அனுப்ப வேண்டும். நடுவே சி.ஓ-29 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும். கெடு தாண்டி வந்த க்ளெய்ம், பணம் கிடையாது என்பதற்கான குறியீடு அது. அமெரிக்க அரசின் மெடிகேர் இன்சூரன்சுக்குச் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் கெடு. தனியார் இன்சூரன்ஸ் சிலவற்றில் 90 நாள்தான். இந்தக் கெடுவெல்லாம் உங்கள் ஆபீசில் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரில் இல்லை. அந்த அக்காவின் கைப்பைக்குள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிறது. அவருக்கு நாளைக்கே ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்று எட்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் உங்கள் கம்பெனியில் மிஞ்சுவது 12 நாற்காலியும் ஒரு ஏ.சி.யும்தான்.

12 பேர் இருக்கும்போது சந்தேகம் வந்தால் திரும்பி, "அக்கா, இது என்ன?" என்று கேட்டுவிடலாம். 40 பேர் கேட்க ஆரம்பித்தால் அவர் வேலை செய்ய மாட்டார், பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். உங்களிடம் உள்ளதிலேயே நல்ல கை அதோடு நின்றுவிடும். ஆள் கூட்டிய இரண்டாம் மாதம் தரம் விழுவது பெரும்பாலும் புது ஆட்களால் அல்ல. பழைய ஆள் ஆசிரியராகிப் போவதால்.

அதனால் முதல் செலவு இடத்துக்கு அல்ல. அந்த அக்காவை ஆறு வாரம் தினசரி வேலையிலிருந்து விடுவியுங்கள். பக்கத்தில் டைப் அடிக்க ஒரு பையனை உட்காரவையுங்கள். ஒவ்வொரு இன்சூரன்சுக்கும் ஒரு பக்கம்: கெடு, திருப்பும் காரணங்கள், மறுபடி அனுப்பும் முறை, யாரை அழைப்பது. எழுதி முடித்ததும் நேற்று சேர்ந்த ஆளிடம் கொடுத்து, அக்கா இல்லாத அறையில் 50 க்ளெய்ம் செய்யச் சொல்லுங்கள். தடுக்கி விழும் இடமெல்லாம் நோட்டில் எழுதாமல் அக்காவின் மனசிலேயே தங்கிவிட்ட இடம். அவருக்குச் சம்பளத்தையும் கூட்டிவிடுங்கள், இதைப் படித்து முடித்த கையோடு. உங்கள் தெருவில் தீபாவளிக்குப் புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடும் கடைகளை நீங்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். அவர்கள் வணங்குவது கல்லாவையல்ல, புத்தகத்தை.

இனி பணத்துக்கு வருகிறேன். புதிதாக 28 பேர். உங்கள் பக்கத்துச் சம்பளம், பி.எஃப்., கரண்ட், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 27,000 என்று வையுங்கள். மாதம் 7.56 லட்சம். முதல் மாதம் டிரெயினிங். பில் போட முடியாது. இரண்டாம் மாதம் பாதி வேலைக்கு இன்வாய்ஸ் போடுவீர்கள். அதற்கு 45 நாள் கழித்துத்தான் பணம். ஆக, முதல் டாலர் வருவது நான்காம் மாதத்தின் நடுவில். அதுவரை கையை விட்டுப் போயிருப்பது 26 லட்சத்துக்கு மேல், இட அட்வான்ஸ் சேர்க்காமல். வந்து சேர்வதும் பாதி மாதத்துப் பணம்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற வால்டாக்ஸ் ரோட்டின் கதை தெரியும்தானே? ஊரைச் சுற்றி மதில் கட்டிய செலவை ஈடுகட்டக் கிழக்கிந்தியக் கும்பினி போட நினைத்த வரி அது. வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. வராத வரிக்கு ஒரு ரோடு இருக்கலாம். வராத இன்வாய்சை நம்பி லோன் மட்டும் வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது. கிளையன்ட்டிடம் இப்படிப் பேசுங்கள்: "28 பேரை ஒரே மூச்சில் அல்ல, ஆறு ஆறு பேராக எடுக்கிறேன். முந்தைய ஆறு பேரின் வேலை ஒப்புக்கொண்ட தரத்தைத் தொட்ட பிறகுதான் அடுத்த ஆறு. டிரெயினிங் மாதத்துச் செலவில் பாதி உங்களுடையது. 45 நாளை 15 ஆக்குங்கள். குறைந்தபட்சம் இத்தனை க்ளெய்ம் மாதாமாதம் அனுப்புவேன் என்று எழுதிக் கொடுங்கள்." இதையெல்லாம் கேட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். இத்தனை நாள் உங்களிடம் வேலை கொடுத்தவர் புது இடம் தேடினால் அவருக்கும் செலவு உண்டு. இப்போதுள்ள ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். 30 நாள் நோட்டீஸில் அவர் விலகலாம் என்று இருக்கும். ஓ.எம்.ஆர். கட்டடக்காரரோ மூன்று வருடம் லாக்-இன் கேட்பார். அந்த இரண்டு தாளிலும் ஒரே கையால் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர்கள் பேசிப் பதிந்ததை டைப் அடித்துக் கொடுக்கும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் காலத்தில் புரசைவாக்கத்தில் 22 பேர் வைத்திருந்தேன். ஒரே கிளையன்ட், பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், தீபாவளிக்கு வாழ்த்தெல்லாம் அனுப்புவார்கள். அவர்களை வேறொரு கம்பெனி வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு மூன்று வரி மெயில்; திங்கள் முதல் ஆடியோ ஃபைல் வரவில்லை. கம்ப்யூட்டர்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்றபோது கீ-போர்டுக்குத் தனியாக விலை இல்லை என்றார் கடைக்காரர். முக்கால்வாசி வேலை ஒரே இடத்திலிருந்து என்று நீங்கள் எழுதிய வரியை அதனால்தான் இரண்டு முறை படித்தேன். 40 பேர் ஆனால் அந்த முக்கால் இன்னும் ஏறும். உங்கள் அப்பா ஒரே பார்ட்டிக்கு முக்கால் குடோனைக் கடனில் தூக்கிக் கொடுப்பாரா? கேட்டுப் பாருங்கள்.

ஏ.ஆர். காலிங் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சிகிச்சைக் கட்டணத்தைப் பதியும் சார்ஜ் என்ட்ரி, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் பேமென்ட் போஸ்டிங் எல்லாம் பகலிலேயே செய்யலாம். காலிங் அப்படியல்ல, இன்சூரன்ஸ் ஆபீஸ் திறந்திருக்கும்போது கூப்பிட வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. முடியும்போது நள்ளிரவு தாண்டி இரண்டரை, மூன்றரை. இன்று உங்கள் ஆட்கள் திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் மெட்ரோவில் வந்து போகலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தது வடசென்னையில் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்நேரத்துக்கு மெட்ரோ கிடையாது. வீடு வரை கேப் வேண்டும். பகலில் மீன்பாடி வண்டியும் இரவில் பார்சல் லாரியும் அடைத்துக்கொள்ளும் உங்கள் சந்துக்குள் கேப் நுழைவதற்கே தனி திறமை வேண்டும். காலிங் எடுப்பதானால் அதற்கு மட்டும் பெரிய சாலையை ஒட்டி ஒரு சின்ன இடம் பாருங்கள். பகல் வேலை பாத்திரக் கடை மாடியிலேயே நடக்கட்டும். வாடகை இல்லாத மாடி உங்கள் பலம், அதை அவசரத்தில் விடாதீர்கள்.

ஒரு சின்ன வேலை இன்றைக்கே செய்யுங்கள்: கீழே இறங்கிப்போய் உங்கள் இரண்டு இன்டர்நெட் லைனும் எந்த வழியாக வருகிறது என்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு கம்பெனி, ஆனால் ஒரே ஈ.பி. கம்பம் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு லைன்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பலர் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

சட்டத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 10 பேரைத் தொட்டாலே இ.எஸ்.ஐ.யும், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவும் வேண்டும். இரண்டும் உங்களுக்கு இப்போதே பொருந்தும். 20-ஐத் தொட்டதும் பி.எஃப். கட்டாயம். அமெரிக்காவிலிருந்து டாலரில் வருவது ஏற்றுமதி, வருடாவருடம் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் போட்டுவிட்டால் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. சாஃப்ட்வேர், இன்டர்நெட்டுக்கு நீங்கள் கொடுத்த ஜி.எஸ்.டி.யை ரீஃபண்டும் கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். கேட்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சென்னைக் கம்பெனி ரூபாயில் தரும் சப்-கான்ட்ராக்ட் வேறு கதை. நோயாளி அமெரிக்கர் என்றாலும் உங்களுக்கு அது உள்ளூர் வேலை, 18 சதவீதம் உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருந்தால் ஆடிட்டரிடம் இந்த வாரமே போங்கள். நோயாளி விவரங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அக்காவின் நோட்டில் நோயாளி பெயர் ஒன்றாவது இருந்தால், அது வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ஒப்பந்தம் மீறப்படுகிறது. நோட்டைப் பற்றி இவ்வளவு பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் வளர்வது என்பதுதான் கேள்வி. பேமென்ட் போஸ்டிங்கில் பெரும்பகுதியை இப்போது மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் மின்னணு விவரம் நேரே கணக்கில் ஏறிவிடுகிறது. அதற்கு ஆள் கூட்டுவது உருகும் ஐஸுக்குப் பெட்டி வாங்குவது மாதிரி. திரும்பி வந்த க்ளெய்மை ஏன் என்று பார்த்து, சரிசெய்து, பணமாக்கும் வேலை அவ்வளவு சுலபமாக மென்பொருளுக்குள் அடங்குவதில்லை. சென்னையில் நிலைத்தவர்கள் பலர் இப்படி ஒரு குறுகிய வேலையில் ஆழமாக இறங்கியவர்கள்தான். 1998-ல் தொடங்கிய டி.என்.கியூ. அறிவியல் சஞ்சிகைகளை அச்சுக்குத் தயாரிப்பதையே பிடித்துக்கொண்டது. 1999-ல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் தொடங்கிச் சென்னையில் வளர்த்த ஆபீஸ்டைகர், வால் ஸ்ட்ரீட் வங்கிகளுக்கு ஆவணம் தயாரிப்பதிலிருந்து ஆராய்ச்சி வேலை வரை ஏறியது, 2006-ல் ஆர்.ஆர். டானலி அதை வாங்கிய விலை 25 கோடி டாலர். பிறகு ஒருநாள் உங்களுக்கும் ஆள் நிறையத் தேவைப்பட்டால் ஓ.எம்.ஆர்.தான் போக வேண்டும் என்றில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் உட்கார்ந்து இதே மாதிரி வேலையைச் செய்து காட்டியது. ஆனால் எழுதி வைத்த முறை இருந்தால்தான் வேலையை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்ப முடியும். நோட்டை அனுப்ப முடியாது.

கிளையன்ட்டுக்கு இப்படி எழுதுங்கள்: "மூன்று மாதத்தில் 18 பேர். அதில் டிநையல், அதாவது திரும்பி வந்த க்ளெய்ம் வேலைக்கு மட்டும் ஆறு பேர், அதற்கு விலை தனி. காலிங் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசுவோம்." 40 என்று அவர் சொன்னதே நீங்கள் எவ்வளவுக்கு இறங்கி வருவீர்கள் என்று பார்க்கத்தான் என்பது என் சந்தேகம்.

கேள்வி: "அமெரிக்க ஹெல்த் ஃபார்ம் ஃபில்லிங் புராஜெக்ட், 10 சீட், டெபாசிட் 1.5 லட்சம், 98 சதவீதம் அக்யூரசி" என்று ஒருவர் அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறார். நகை அடகு வைத்துத் தொடங்கலாமா?
– திருவொற்றியூர் வாசகி

பதில்: வைக்காதீர்கள் அம்மா. வேலை கொடுப்பவர் வேலை செய்பவரிடம் பணம் கேட்டால் அங்கே விற்கப்படுவது வேலை அல்ல. இது ஓடும் விதம் எனக்கு மனப்பாடம்: ஒரு மாதம் ராத்திரி பகலாக டைப் அடிப்பீர்கள், "க்யூ.சி.யில் 91 சதவீதம்தான் வந்தது" என்பார்கள், பணமும் வராது, டெபாசிட்டும் திரும்பாது. பிறகு ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் என்று ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வரும், பயமுறுத்த. ஏற்கெனவே ஏதாவது அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். நிஜமாகவே இந்தத் தொழிலுக்கு வர ஆசை என்றால், மேலே எழுதியிருக்கிறாரே யானைக்கவுனிக்காரர், அவர் மாதிரி சின்ன ஆபீஸ் ஒன்றில் ஆறு மாதம் சார்ஜ் என்ட்ரி பாருங்கள். நகையும் வீட்டில் இருக்கும், சம்பளமும் வரும்.

கேள்வி: மகள் பி.காம். முடித்திருக்கிறாள். ஏ.ஆர். காலராக வேலை கிடைத்திருக்கிறது, இரவு ஷிப்ட். அனுப்பலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: அவளுக்குப் பிடித்திருந்தால் அனுப்புங்கள். சேருமுன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: கேப் வீட்டு வாசல் வரை வருமா, கடைசியாக இறங்குவது அவள் என்றால் வண்டியில் காவலர் இருப்பாரா, முதல் இரண்டு மாதச் சம்பளத்தில் டிரெயினிங் என்று எதுவும் பிடிப்பார்களா. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள்; அன்றிலிருந்து அவள் வீடு திரும்புவது ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அப்போது போன் மேல் போன் போடாதீர்கள்.