போஸ்டரில் இருந்த பணம்

இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். உங்க தாமான்ல ஒரு போட்டி நடக்கப் போகுது. போஸ்டர்ல 'முதல் பரிசு 3,000 ரிங்கிட்'னு பெரிய எழுத்துல அடிச்சிருக்காங்க. சரி, அந்த 3,000 ரிங்கிட் இந்த நிமிஷம் எங்க இருக்கு? யார் கையில? எந்த வங்கிக் கணக்குல?

நம்மில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இப்படிக் கேட்காமல் விட்டதால், உலகத்தின் தலைசிறந்த பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களே ஒரு சமயம் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். அந்தக் கதையைத்தான் இம்முறை படிக்கப் போகிறோம்.

நம் ஊர் ஸ்நூக்கர் கடைகளில் ஓரமாகச் சின்ன மேசை ஒன்று இருக்குமே, ஆறு குழி வைத்தது, 'எய்ட் பால்', 'நைன் பால்' ஆடுவார்களே, அந்த ஆட்டம்தான். அதையே தொழிலாகக் கொண்டு உலகம் சுற்றி ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டின் எஃப்ரன் ரேயஸ். 'மந்திரவாதி' என்பது அவருடைய பட்டப்பெயர். 1999இல் உலக நைன் பால் வெற்றியாளர்.

2006 செப்டம்பர் தொடக்கம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற நகரம். அங்கே நடந்த உலக எய்ட் பால் போட்டியின் இறுதியாட்டத்தில் ரேயஸ் 8-6 என்று ரோட்னி மோரிஸை வென்றார். அப்போது அவருக்கு வயது 52. முதல் பரிசு 5 லட்சம் அமெரிக்க டாலர். மொத்தப் பரிசுத் தொகை 30 லட்சம் டாலர். இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதுவரை கேள்விப்படாத தொகை. படம் பிடித்தார்கள், கை குலுக்கினார்கள், எல்லாம் நடந்தது. பணம் மட்டும் வரவில்லை. ரேயஸுக்கு மட்டுமல்ல, பரிசுப் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும்தான். கொஞ்ச நாள் கழித்து, 'கையில் போதிய பணம் இல்லை, தவணை தவணையாகத் தருகிறோம்' என்று ஏற்பாட்டாளரிடமிருந்து தகவல் வந்தது.

போட்டியை நடத்தியது இன்டர்நேஷனல் பூல் டூர், சுருக்கமாக ஐ.பி.டி. 2005இல் இதைத் தொடங்கியவர் கெவின் ட்ருடோ. தொலைக்காட்சியில் அரை மணி நேர விளம்பரம் செய்து பொருள் விற்பதில் கில்லாடி. 'கோல்ஃப், டென்னிஸ் ஆட்டக்காரர்கள் மாதிரி நீங்களும் கோடீஸ்வரர் ஆகலாம்' என்பது அவர் தந்த நம்பிக்கை.

'அவ்வளவு பேரும் எப்படி ஏமாந்தாங்க?'ன்னு தோணும். அவசரப்பட்டுச் சிரிக்காதீங்க. ஆரம்பத்தில் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. 2005 இறுதியில் ஆர்லாண்டோவில் ஒரு போட்டி. அதில் ரேயஸ் மைக் சைகலை வென்று 2 லட்சம் டாலர் பெற்றார். 2006 ஜூலையில் லாஸ் வேகாஸில் அடுத்தது. ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன் முதலிடம், பரிசு மூன்றரை லட்சம் டாலர். இப்படிக் காசு கைக்கு வந்த பிறகு, மூன்றாவது தடவை யாருக்குச் சந்தேகம் வரும்? என்னைக் கேட்டால், இந்தக் கதையில் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 'போன தடவை கொடுத்தாரே' என்பது அந்த மனிதரிடம் போன தடவை பணம் இருந்ததற்கு மட்டும்தான் சாட்சி. இந்தத் தடவை இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

இன்னொரு காரணம், ஆட்டக்காரர்களின் வாழ்க்கை. தொழில்முறை பில்லியர்ட்ஸ் பளபளப்பாகத் தெரியும், உள்ளே வறட்சி. கால்பந்து மாதிரி அரங்கில் 50,000 பேர் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் இல்லை இது. மேசை சின்னது, சுற்றி உட்காருபவர்கள் சில நூறு பேர். நுழைவுச் சீட்டு வருமானம் சொற்பம், தொலைக்காட்சி உரிமைப் பணமும் அப்படித்தான். ஆடுபவரோ விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே செலவழித்துவிட்டுத்தான் மேசைக்கு வருகிறார். பல பேர் சொந்தக் காசில் வருவதில்லை. பின்னால் ஒருவர் பணம் போடுவார். ஜெயித்தால் பரிசில் அவருக்குப் பங்கு. அப்படியென்றால் ஏற்பாட்டாளர் பரிசைக் கொடுக்காமல் விடும்போது ஆட்டக்காரருக்கு வரவு நின்றுபோவதோடு முடிவதில்லை. பணம் போட்டவருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் சொல்ல வேண்டும். ரீனோவில் எட்டாவது இடமோ பதினாறாவது இடமோ பெற்றவர்களை நினைத்துப் பாருங்கள். ரேயஸின் பெயராவது செய்தியில் வந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு போட்டியின் பரிசுத் தொகை இரண்டு வழியில்தான் சேரும். ஒன்று, ஆட வருபவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம். இரண்டு, ஏற்பாட்டாளரோ ஆதரவாளரோ மேலே போடும் பணம். முதல் வகை கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். சிக்கல் எப்போதும் இரண்டாவதில்தான். நம் தாமான் போட்டியில் 16 குழு, தலைக்கு 100 ரிங்கிட் என்றால் 1,600 ரிங்கிட். பரிசு 3,000 என்று போட்டிருக்கிறார்கள். மிச்சம் 1,400 எங்கிருந்து வரும்? மண்டப வாடகை, நடுவர் படி, தண்ணீர்ச் செலவெல்லாம் அதற்கு மேலே. இதே கணக்கை ரீனோவுக்குப் போடுவோம். 200 பேர் ஆடினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 30 லட்சம் டாலரைக் கட்டணத்தாலேயே நிரப்ப ஒவ்வொருவரும் 15,000 டாலர் கட்டியிருக்க வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே கிட்டத்தட்ட முழுத் தொகையும் ஒரே ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் எதை நம்பியிருந்தது? இணையச் சூதாட்டத் தொழிலில் இருந்த ஒரு நிறுவனம் இந்தத் தொடரை வாங்கப் போகிறது என்ற பேச்சு. அந்தப் பேரம் முறிந்தது. அமெரிக்காவில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் வந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கே தேதியைப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2006 அக்டோபர் 13. ரீனோ இறுதியாட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து! கடைசிப் பந்து குழியில் விழுந்த அன்று பணம் தயாராக இருந்திருந்தால், பின்னால் வந்த எந்தச் சட்டமும் அதைத் தொட்டிருக்க முடியாது. அக்டோபரில் வந்த மழைக்குச் செப்டம்பரிலேயே நனைந்துவிட்டேன் என்று சொல்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ட்ருடோவின் பின்னணி ரகசியமாக இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர். 2004இல், அதாவது தொடர் ஆரம்பிப்பதற்கு முந்தைய ஆண்டில், புத்தகம் போன்றவை தவிர வேறு பொருள்களைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தவர். இதெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. பிற்பாடு அந்த உடன்பாட்டை மீறிய வழக்கில் 2014இல் பத்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அது பில்லியர்ட்ஸ் பரிசுப் பணத்துக்காக வந்த தண்டனை அல்ல, ஒரு புத்தகத்தின் விளம்பரம் தொடர்பானது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரீனோவுக்குப் பிறகு அந்த அளவில் ஐ.பி.டி. இன்னொரு போட்டியை நடத்தவில்லை.

இது ஒருவர் மட்டும் செய்த கோளாறு என்று ஒதுக்கவும் முடியாது. 1996இல் டாலஸ் நகரில் நடந்த ஒரு போட்டியில், யாராவது எதிராளிக்கு வாய்ப்பே கொடுக்காமல் தொடர்ந்து பத்து ஆட்டத்தில் மேசையைக் காலி செய்தால் 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அந்தப் பணத்துக்குக் காப்புறுதி எடுத்திருந்தார்கள். ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் செய்தே காட்டிவிட்டார்! அதன் பிறகு காப்புறுதி நிறுவனத்தோடு தகராறு, கடைசியில் சமரசம். அசாத்தியமான ஆட்டம் ஆடியவர், சொன்ன தொகையை அன்றே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை.

அப்படியானால் வழிதான் என்ன? புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நம் வீட்டில் அப்பா அம்மா வீடு வாங்கியபோது பார்த்திருப்பீர்கள். சில தொகைகளை நேராக விற்பவர் கையில் கொடுக்காமல், வக்கீல் தன் கட்சிக்காரர் கணக்கில் பிடித்து வைத்திருப்பார். வேலை முடிந்ததும்தான் விடுவிப்பார். போட்டிப் பணத்தையும் அப்படி முதல் ஆட்டத்துக்கு முன்பே மூன்றாவது ஆளிடம் ஒப்படைத்துவிட்டால், ஏற்பாட்டாளர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். நல்லவரும் தோற்றுப்போகலாமே. ஆதரவாளர் கடைசி நேரத்தில் கைவிட்டால் நல்லவர் என்ன செய்வார்?

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய நைன் பால் போட்டிகளை இப்போது நடத்துவது மேட்ச்ரூம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். விளையாட்டு நிகழ்ச்சிகளில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள். சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப் 2021இல் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம் வரை போனது அவர்கள் நடத்திய மேடையில்தான். 2024இல் உலகப் போட்டி சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் நடந்தது. மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், முதலிடம் பெற்ற ஃபெடார் கோர்ஸ்ட்டுக்கு இரண்டரை லட்சம். கவனித்தீர்களா? ரேயஸுக்கு 2006இல் அறிவித்ததில் பாதிதான். பெரிய தொகைக்கு இன்றும் ஒரே ஒரு பெரிய பணப்பையைத்தான் இந்த ஆட்டம் நம்பியிருக்கிறது. பை ஆழமானது, உண்மைதான். ஒரே பை என்பதும் உண்மை.

'இதெல்லாம் உலக லெவல், நமக்கென்ன?'ன்னு கேட்கிறீங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளையில் ஃபுட்சால் போட்டி வைத்தோம். முதல் பரிசு 1,000 ரிங்கிட் என்று போஸ்டர் அடித்து வாட்சாப்பில் விட்டாச்சு. 16 குழு வரும், ஒரு நன்கொடையாளர் 800 தருவார் என்று கணக்கு. வந்தது ஒன்பது குழு. நன்கொடையாளர் அன்றைக்கு ஃபோனை எடுக்கவில்லை. ஜெயித்த பையன்கள் வேன் பிடித்துத் தூரத்திலிருந்து வந்தவர்கள். மேடையில் பெரிய அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, கையில் 400 மட்டும் வைத்தோம். 'மிச்சம் அடுத்த வாரம் தம்பி'ன்னு சொன்னேன். அந்த அடுத்த வாரம் வர மூன்று மாதம் ஆனது. அவர்கள் கேப்டன் ஒரு தடவைகூடக் கோபமாக மெசேஜ் அனுப்பவில்லை. 'அண்ணே, வேன்காரருக்குக் கொடுக்கணும்'னு மட்டும் எழுதியிருந்தான். யாரையும் ஏமாற்ற நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அவனுக்கு அதனால் என்ன வித்தியாசம்?

அதற்குப் பிறகு வைத்த கேரம் போட்டிக்கு, பொருளாளர் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டிய பிறகுதான் போஸ்டர் அச்சுக்குப் போனது. முதல் பரிசு 300 ரிங்கிட். 'என்னண்ணே, இவ்ளோதானா?'ன்னு கேட்டவர்கள் உண்டு. நன்கொடை வந்தால் தொகையைக் கூட்டுவோம், வராவிட்டால் இதுதான் என்று போஸ்டரிலேயே எழுதினோம். இறுதியாட்டம் முடிந்து பத்து நிமிஷத்தில் உறையைக் கொடுத்துவிட்டோம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு போட்டி போஸ்டரைக் கொண்டு வாங்க. எந்த விளையாட்டானாலும் சரி, நம்ம கிளை போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று மூன்று பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவோம்: எத்தனை குழு வந்தால் பரிசு கட்டணத்திலேயே நிரம்பும், பாதிதான் வந்தால் மிச்சத்தை யார் போடுவார், அவர் பெயர் போஸ்டரில் இருக்கிறதா, பணம் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும். பதில் தெரியாத போஸ்டரைத் தனியாக எடுத்து வைங்க. அதிலிருக்கும் நம்பருக்கு அங்கேயே ஃபோன் போட்டு, மரியாதையாகக் கேட்டுப் பார்ப்போம்.