பெறுமானத் தேய்வும் பாவித்த வாகனத்தின் மீள்விற்பனை விலையும்

க.பொ.த (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்
• பெறுமானத் தேய்வு என்றால் என்ன என்பதை விளக்குவீர்கள்.
• ஏட்டுப் பெறுமதிக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வேறுபாட்டை இனங்காண்பீர்கள்.
• இரு முறைகளில் தேய்வைக் கணிப்பீர்கள்.
• வாகனம் ஒன்றை விற்கும்போது ஏற்படும் இலாபத்தை அல்லது நட்டத்தைக் கணக்கில் பதிவீர்கள்.

1. அறிமுகம்

கிளிநொச்சியில் வாடகைச் சேவை நடத்தும் ஒரு வணிகர் 2019 இல் ஒரு வான் வாங்கினார் எனக் கொள்வோம். நான்கு ஆண்டுகள் ஓடிய பின்னர் அதனை வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றார். அப்படியானால் நான்கு ஆண்டுகளாக அவர் ஏட்டில் எழுதிய பெறுமானத் தேய்வு பிழையா? பல மாணவர்கள் "ஆம்" என்று விடையளிப்பர். சரியான விடை "இல்லை" என்பதாகும். ஏன் என்பதை இப்பாடம் விளக்குகின்றது.

நிலையான சொத்தொன்றின் கிரயத்தை, அச்சொத்து பயன்தரும் ஆண்டுகளுக்கு முறையாகப் பங்கிட்டு ஒவ்வோர் ஆண்டினதும் செலவாகக் காட்டுவதே பெறுமானத் தேய்வு ஆகும். அது கிரயத்தைப் பங்கிடும் வேலை. சந்தையில் விலை கேட்டு எழுதும் வேலை அன்று. இவ்வொரு கருத்தை மனதில் பதித்துக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

2. அறிந்திருக்க வேண்டிய பதங்கள்

கிரயம்: வாகனத்தின் கொள்விலையும், அதனைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர ஏற்பட்ட செலவுகளும். முதற் பதிவுக் கட்டணம் கிரயத்தில் சேரும். எரிபொருள், ஆண்டு வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி என்பன சேரா. அவை அவ்வவ் ஆண்டின் செலவுகளாகும்.

பயன்தரு ஆயுட்காலம்: வணிகம் அச்சொத்தைப் பயன்படுத்த எதிர்பார்க்கும் காலம்.

எஞ்சிய பெறுமதி: அக்கால முடிவில் விற்றால் கிடைக்கும் என மதிப்பிடப்படும் தொகை.

ஏட்டுப் பெறுமதி: கிரயத்திலிருந்து திரண்ட தேய்வைக் கழித்து வரும் தொகை.

மீள்விற்பனை விலை: வாங்குபவர் ஒருவர் இன்று கொடுக்க விரும்பும் விலை.

கடைசி இரண்டும் ஒன்றல்ல. ஏட்டுப் பெறுமதி வணிகரின் கணக்கிலிருந்து வருவது. மீள்விற்பனை விலை சந்தையின் கேள்வி, நிரம்பலிலிருந்து வருவது.

3. பாவித்த வாகனத்தின் விலையைத் தீர்மானிப்பவை

பாவனை, காலம் செல்லல், புதிய மாதிரிகளின் வருகை என்பன வாகனத்தின் விலையைக் குறைக்கும். ஆயினும் எல்லா வாகனங்களும் ஒரே வேகத்தில் விலை இழப்பதில்லை. விளையாட்டுக் கார் எனப்படும் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு ஹயஸ் வானுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் இரண்டு பேரே வசதியாக இருக்கலாம். அதன் அடித்தளம் நிலத்துக்கு மிக அண்மையில் இருக்கும். வன்னியின் கிரவல் ஒழுங்கைகளுக்கு ஏற்றதன்று. உதிரிப்பாகம் எளிதிற் கிடையாது. இயந்திரத்தின் கொள்ளளவு கூடக்கூட இறக்குமதியின்போது அறவிடப்படும் உற்பத்தி வரியும் கூடும் என்பதால் அதன் தொடக்க விலையும் உயர்வாகும். எனவே அதனை விற்க வரும்போது கேட்பார் சிலரே. ஹயஸ் வானோ பயணிகளை ஏற்றும், சாமான் ஏற்றும், கலியாணத்துக்கும் போகும், வைத்தியசாலைக்கும் போகும். கேட்பார் பலர், ஆதலால் விலை மெதுவாகவே இறங்கும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1962 தொடக்கம் 1964 வரை இத்தாலியில் 36 மாத்திரமே தயாரிக்கப்பட்ட பெராரி 250 ஜீ.ரீ.ஓ. கார்களுள் ஒன்று, 2018 ஓகஸ்டில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்கு விற்பனையானது. நிரம்பல் இனி ஒருபோதும் கூடாது. கேள்வியோ கூடிக்கொண்டே செல்கின்றது. எனவே பழையதாயினும் விலை ஏறியது. ஆனால் இவ்வாறான கார்கள் மிகச் சிலவே. சாதாரண ஸ்போர்ட்ஸ் கார் மற்றைய கார்களைப் போலவே முதற் சில ஆண்டுகளில் கூடுதலாக விலை இழக்கும்.

4. தேய்வைக் கணித்தல்

உதாரணம் 1 (தொகைகள் விளக்கத்துக்காக எடுக்கப்பட்டவை)

2019.01.01 இல் வாங்கிய வானின் கொள்விலை ரூபா 3,800,000. பதிவு, பொருத்தற் செலவுகள் ரூபா 200,000. பயன்தரு ஆயுட்காலம் 8 ஆண்டுகள். எஞ்சிய பெறுமதி ரூபா 800,000.

(அ) நேர்கோட்டு முறை

கிரயம் = 3,800,000 + 200,000 = ரூபா 4,000,000

ஆண்டுத் தேய்வு = (கிரயம் – எஞ்சிய பெறுமதி) ÷ ஆயுட்காலம்
= (4,000,000 – 800,000) ÷ 8
= ரூபா 400,000

ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய பதிவு:
பெறுமானத் தேய்வுக் கணக்கு வரவு 400,000
பெறுமானத் தேய்வு ஏற்பாட்டுக் கணக்கு செலவு 400,000

(ஆ) குறைந்து செல்லும் மீதி முறை (20%)

2019: 4,000,000 இன் 20% = 800,000; மீதி 3,200,000
2020: 3,200,000 இன் 20% = 640,000; மீதி 2,560,000
2021: 2,560,000 இன் 20% = 512,000; மீதி 2,048,000
2022: 2,048,000 இன் 20% = 409,600; மீதி 1,638,400

முதல் முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை. இரண்டாம் முறையில் முதல் ஆண்டில் கூடிய தொகை. பின்னர் படிப்படியாகக் குறையும். தொடக்கத்தில் கூடிய பயனைத் தந்து பின்னர் திருத்தச் செலவு கூடும் வாகனங்களுக்கு இரண்டாம் முறை பொருத்தமானது.

5. சந்தை விலை ஏறினால் தேய்வு எழுத வேண்டுமா?

2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணியைச் சேமிப்பதற்காக இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் புதிய நிரம்பல் பெருமளவில் நின்றுபோயிற்று. இதற்கிடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. இதனால் பாவித்த வாகனங்கள் பல, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின.

இக்காலத்திலும் வணிகர்கள் தேய்வு எழுதவே வேண்டும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 இன்படி, சந்தைப் பெறுமதி ஏட்டுப் பெறுமதியை விடக் கூடியிருந்தாலும், எஞ்சிய பெறுமதி ஏட்டுப் பெறுமதியை மிஞ்சாதவரை தேய்வு பதியப்படும். காரணம் எளிது. வான் ஓடுகின்றது, உழைக்கின்றது, அந்த உழைப்புக்கு எதிராக அதன் கிரயத்தின் ஒரு பங்கைச் செலவாகக் காட்டாவிடின் அவ்வாண்டின் இலாபம் மிகைப்பட்டுவிடும்.

காணிக்குப் பொதுவாகத் தேய்வு இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. அதன் பயன்தரு காலத்துக்கு எல்லை இல்லை. அகழ்ந்து முடியும் கிரவல் நிலம் போன்றவை விதிவிலக்காகும்.

6. வாகனத்தை விற்றல் (அகற்றல்)

உதாரணம் 2

மேற்கூறிய வான் நேர்கோட்டு முறையில் தேய்வு எழுதப்பட்டு, 2022.12.31 இல் ரூபா 5,200,000 இற்குக் காசுக்கு விற்கப்பட்டது.

திரண்ட தேய்வு = 400,000 × 4 = ரூபா 1,600,000
ஏட்டுப் பெறுமதி = 4,000,000 – 1,600,000 = ரூபா 2,400,000
அகற்றல் இலாபம் = 5,200,000 – 2,400,000 = ரூபா 2,800,000

பொது நாட்குறிப்புப் பதிவுகள்:

(1) அகற்றல் கணக்கு வரவு 4,000,000
மோட்டார் வாகனக் கணக்கு செலவு 4,000,000

(2) பெறுமானத் தேய்வு ஏற்பாட்டுக் கணக்கு வரவு 1,600,000
அகற்றல் கணக்கு செலவு 1,600,000

(3) காசுக் கணக்கு வரவு 5,200,000
அகற்றல் கணக்கு செலவு 5,200,000

(4) அகற்றல் கணக்கு வரவு 2,800,000
இலாப நட்டக் கணக்கு செலவு 2,800,000

(காசு பெறும் பதிவு நடைமுறையில் காசேட்டினூடாகச் செய்யப்படும்.)

ரூபா 2,800,000 இலாபம் என்றதும் அதனை எடுத்துச் செலவழிக்கலாமா? வணிகர் தொழிலைத் தொடர இன்னொரு வான் வாங்க வேண்டும். அதே வகை வானின் விலை இப்போது ரூபா 6,500,000 எனின், விற்ற பணம் முழுவதையும் கொடுத்தாலும் மேலும் ரூபா 1,300,000 தேவைப்படும். விலையேற்றக் காலத்தில் ஏட்டில் தோன்றும் இலாபம் முழுவதும் கைச்செலவுக்கான பணம் அன்று என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

7. வாகனம் ஓடாது நின்றால், அழிந்தால்

ஏ–9 வீதி 2002 இல் திறக்கப்பட்டதும் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே போக்குவரத்துத் தொழில் பெருகியது. 2006 ஓகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாண ஓட்டத்தை நம்பி வாங்கிய ஒரு வான் முற்றத்தில் நின்றுவிட்டது எனக் கொள்வோம். நேர்கோட்டு முறையில் அதற்குத் தேய்வு நிற்காது. ஓடாவிட்டாலும் காலம் செல்கின்றது, துரு பிடிக்கின்றது, மாதிரி பழையதாகின்றது. ஓடிய தூரத்தை அடிப்படையாகக் கொண்டு தேய்வு கணித்தால் மாத்திரமே அக்காலத்துக்குத் தேய்வு இல்லாமற் போகலாம்.

2009 இல் போரின் இறுதி மாதங்களில் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பகுதிகளில் உழவு இயந்திரங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள் பெருந்தொகையாகக் கைவிடப்பட்டன. அந்நாட்களில் இழக்கப்பட்ட உயிர்களோடு இவற்றை ஒப்பிட இயலாது. ஆயினும் பல குடும்பங்களின் தொழில் மூலதனம் அவைதாம். இவ்வாறு அழிந்த சொத்துக்கு மீதி ஆண்டுகளுக்கான தேய்வை எழுதிக்கொண்டிருக்க முடியாது. எஞ்சியுள்ள ஏட்டுப் பெறுமதி முழுவதும் அந்த ஆண்டிலேயே நட்டமாகப் பதியப்பட வேண்டும். ஆயுட்காலம் என்பது ஒரு மதிப்பீடே. நிலைமை மாறும்போது மதிப்பீடும் மாற வேண்டும்.

8. கடனுக்கு வாகனம் வாங்கும்போது

லீசிங் மூலம் வாகனம் எடுப்பவர் மூன்று தொகைகளைப் பார்க்க வேண்டும்: கடன் மீதி, ஏட்டுப் பெறுமதி, இன்றைய விற்பனை விலை. ஒருவர் ரூபா 600,000 பெறுமதியான மோட்டார் சைக்கிளை ரூபா 100,000 முற்பணம் கட்டி எடுத்தார் எனக் கொள்வோம். ஓராண்டின் பின்னர் கடன் மீதி ரூபா 420,000. விற்பனை விலை ரூபா 380,000. இப்போது அதனை விற்றாலும் கடன் தீராது. ரூபா 40,000 கையிலிருந்து கட்ட வேண்டும். வாகனமும் இல்லை, கடனும் உண்டு என்ற நிலை இவ்வாறே ஏற்படுகின்றது. எனவே மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்பதை மட்டுமன்றி, இவ்வாகனத்தின் விலை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதையும் கையொப்பமிட முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

9. மாணவர்கள் விடும் பொதுவான பிழைகள்

• தேய்வைக் காசாகச் சேர்த்து வைத்த நிதி எனக் கருதுதல். தேய்வுப் பதிவில் காசு வெளியேறுவதுமில்லை, ஒதுக்கப்படுவதுமில்லை.
• குறைந்து செல்லும் மீதி முறையில் ஒவ்வோர் ஆண்டும் கிரயத்தின் மீதே வீதத்தைக் கணித்தல்.
• ஆண்டின் நடுவில் வாங்கிய சொத்துக்கு முழு ஆண்டுத் தேய்வு எழுதுதல்.
• அகற்றல் இலாபத்தை விற்பனை வருமானத்துடன் சேர்த்தல். வாகனம் விற்பது இவ்வணிகரின் வழமையான தொழில் அன்று.

10. பயிற்சி வினாக்கள்

(1) 2023.07.01 இல் ரூபா 480,000 கிரயத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப்பட்டது. ஆயுட்காலம் 5 ஆண்டுகள். எஞ்சிய பெறுமதி ரூபா 80,000. 2023.12.31 இல் முடிவடையும் ஆண்டுக்கான தேய்வை நேர்கோட்டு முறையிற் கணிக்குக.

(2) ரூபா 10,000,000 கிரயமான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஆண்டுக்கு 25% வீதம் குறைந்து செல்லும் மீதி முறையில் தேய்வு எழுதப்படுகின்றது. மூன்று முழு ஆண்டுகளின் முடிவில் அது ரூபா 4,000,000 இற்கு விற்கப்பட்டது. அகற்றல் இலாபம் அல்லது நட்டம் யாது?

(3) "வாகனத்தின் சந்தை விலை உயர்ந்துள்ளதால் இவ்வாண்டு தேய்வு எழுதத் தேவையில்லை." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா? காரணம் தருக.

விடைக் குறிப்பு

(1) ஆண்டுத் தேய்வு = (480,000 – 80,000) ÷ 5 = ரூபா 80,000. ஆறு மாதங்களுக்கு ரூபா 40,000.

(2) ஏட்டுப் பெறுமதி: 7,500,000, 5,625,000, 4,218,750. அகற்றல் நட்டம் = 4,218,750 – 4,000,000 = ரூபா 218,750.

(3) உடன்பட முடியாது. தேய்வு என்பது கிரயத்தைப் பயன்தரு காலத்துக்குப் பங்கிடுவதேயன்றிச் சந்தை விலை மாற்றத்தை அளப்பதன்று. தேய்வு எழுதாவிடின் இலாபமும் சொத்தின் ஏட்டுப் பெறுமதியும் மிகைப்படுத்திக் காட்டப்படும். (எஞ்சிய பெறுமதி ஏட்டுப் பெறுமதிக்குச் சமமாக அல்லது அதிலும் கூடுதலாக உயர்ந்தால் மாத்திரம் தேய்வு பூச்சியமாகும் எனக் குறிப்பிடுதல் விடையை முழுமையாக்கும்.)