முகூர்த்தம் பழைய டயமா, புது டயமா?

சரித்திரக் காதல் கதை எழுதப் போகிறேன், அதுவும் கல்யாணக் கதை, அதுவும் சிரிக்கச் சிரிக்க என்றாய். நல்ல யோசனைதான். முதலில் அந்தக் குதிரையை விட்டுக் கீழே இறங்கு. நம் ஊரில் சரித்திர நாவல் என்றாலே சோழ இளவரசனும் சுரங்கப் பாதையும் என்று ஆகிவிட்டது. பொன்னியின் செல்வன் 1950லிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்தது. அந்த வழியில் கிளம்பிய குதிரைகளின் புழுதி இன்னும் அடங்கவில்லை. நீயும் அதே வழியில் போனால், பத்தாம் நூற்றாண்டுக் கல்யாணப் பந்தியில் என்ன பரிமாறுவாய்? மிளகாய் கிடையாது. தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. காபி கிடையவே கிடையாது. காபி இல்லாத கல்யாணத்தில் சம்பந்தியம்மா எதற்கடி கோபித்துக்கொள்வாள்?

பாட்டிகள் காலத்துக்கு வா. 1910லிருந்து 1950 வரைக்குள் ஒரு வருஷத்தைப் பிடி. போட்டோ இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, ரயில் டைம்டேபிள் இருக்கிறது, நினைவாகச் சொல்ல இன்னும் இரண்டொரு பெரியவர்களும் இருக்கிறார்கள்.

வருஷத்தைப் பிடித்ததும் புடவைக் கரையையும் ஜிமிக்கியையும் தேடி ஓடாதே. அதெல்லாம் அப்புறம். அந்த வருஷத்தில் கல்யாணம் செய்ய எது தடை, எது கெடுபிடி, எது புது வம்பு என்று முதலில் தேடு. இந்த மாதிரிக் கதையில் சிரிப்பும் காதலும் அங்கிருந்துதான் வரவேண்டும். இங்கிலீஷில் இந்த வகைக்கு வழி போட்ட ஜார்ஜெட் ஹேயரும், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் செய்தது இதைத்தான். 1754ல் இங்கிலாந்தில் ஒரு கல்யாணச் சட்டம் அமலுக்கு வந்தது. 21 வயது நிறையாதவர்கள் பெற்றோரை மீறிக் கட்டிக்கொள்வது கஷ்டமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. உடனே எல்லை தாண்டியதும் இருக்கிற கிரெட்னா கிரீன் என்ற கிராமத்துக்கு ஜோடி ஜோடியாக வண்டி கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். ஒரு சட்டம், ஒரு எல்லைக்கோடு, துரத்திக்கொண்டு வரும் ஒரு அப்பா. இந்த மூன்றை வைத்து எத்தனையோ நாவல்கள் ஓடிவிட்டன.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 1ஆம் தேதி சாரதா சட்டம் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 நிறைய வேண்டும் என்றது. பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த புதுச்சேரிக்கு அது செல்லாது. அங்கே போய்த் தாலி கட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் கவனி. கிரெட்னா கிரீனுக்கு ஓடியவர்கள் காதலர்கள். புதுச்சேரிக்கு ஓடியவர்கள் பெரியவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. இதைக் காதல் கதையாக்காதே. பக்கத்து வீட்டு அசட்டு மாமா பண்ண நினைத்துக் கெட்டுப்போகிற காரியமாக வேண்டுமானால் ஒரு அத்தியாயம் வை.

கதாநாயகிக்கு வயசென்ன?

இதில்தான் பல பேர் வழுக்குகிறார்கள். அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பம் என்று எழுதிவிட்டு, இருபது வயதுப் பெண்ணைக் கல்யாணமாகாமல் ஊஞ்சலில் உட்கார வைத்துப் பாட வைப்பார்கள். ஏன் அவளுக்கு இன்னும் ஆகவில்லை என்று ஊரே கேட்டிருக்குமே! அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு எழுது. சென்னையில் குவீன் மேரீஸ் காலேஜ் 1914ல் வந்துவிட்டது. மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915ல். அங்கே படித்தவளாக, பள்ளிக்கூட டீச்சராக, நர்ஸாக, டாக்டருக்குப் படிக்கிறவளாக இருந்தால் இருபது, இருபத்திரண்டு பொருந்தும். பிராமணரல்லாத குடும்பங்கள் பலவற்றில் பெண் வயதுக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான் கல்யாணம் பேசுவார்கள். அங்கேயும் உனக்கு இடம் இருக்கிறது. குழந்தையைக் கதாநாயகியாக்கி “அந்தக் காலத்தில் அப்படித்தான்” என்று சமாதானம் சொல்லாதே.

பஞ்சாங்கம் இல்லாமல் பேனாவைத் தொடாதே

ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மேல் குண்டு போட்ட ராத்திரியில் ஒரு கல்யாணம் வைக்கலாமா என்று கேட்டாய். குண்டு விழுந்தது 1914 செப்டம்பர் 22. தமிழில் புரட்டாசி ஆரம்பம். புரட்டாசியில் எந்த மாமா முகூர்த்தம் வைப்பார்? ஆவணிக் கடைசியில் கல்யாணம் முடிந்து, புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சவரணையாகத் தங்கியிருக்கும்போது குண்டு விழட்டும். ஊரைக் காலி செய்து ஓடுகிற கூட்டத்தில் சீர்ப் பாத்திரங்களை யார் தூக்குவது என்ற சண்டையோடு கதை கிளம்பிவிடும். தேதியை மாற்றாமலே காட்சி நன்றாக வந்துவிட்டது, பார். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் காலண்டரில் சிவப்பு மையில் அடித்து வைத்துக்கொள். மற்ற மாதங்களிலும் குலத்துக்குக் குலம் வழக்கம் வேறு. விசாரித்துக்கொள்.

உன் கதைக்கு என்னைக் கேட்டால் 1943 தை மாதம் என்பேன். காரணம் சொல்கிறேன், இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடு.

யுத்தத்துக்காக 1942 செப்டம்பர் 1ஆம் தேதி இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் நடுவரை அப்படியே இருந்தது. சர்க்கார் ஆபீஸ், ரயில் எல்லாம் புது டயம். பஞ்சாங்கமோ சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறது. சூரியன் சர்க்கார் உத்தரவைப் படிப்பதில்லை. ஆக முகூர்த்தப் பத்திரிகையில் “காலை 9 மணிக்கு மேல்” என்று அச்சடித்தால் எந்த ஒன்பது? எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) ரயிலில் எழும்பூரிலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் கையில் ஒரு மணி. கும்பகோணத்து சாஸ்திரிகள் மனசில் இன்னொரு மணி.

இனி இதற்குள் காதலை வை. மாப்பிள்ளை சுயமரியாதைக்காரன். 1928லிருந்தே புரோகிதர் இல்லாத கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்தன. வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்திக் காட்டியவர்களும் உண்டு. இவன் ராகு காலத்தில்தான் மாலை மாற்றுவேன் என்கிறான். பெண்ணின் அப்பா முகூர்த்தம் தவறினால் தூக்குப் போட்டுக்கொள்வேன் என்கிறார். நடுவில் பெண். கணக்கு டீச்சர். அவள் ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுக்கிறாள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. சுவர்க் கடிகாரத்தில் ஏழே முக்கால் ஆகும்போது மாலை மாற்றினால், மாப்பிள்ளைக்கு அவன் கைக்கடிகாரப்படி சுத்தமான ராகு காலம். அப்பாவுக்குப் பஞ்சாங்கப்படி மணி ஆறே முக்கால்தான். ராகு காலத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஒரே நிமிஷம், இரண்டு பேருக்கும் ஜெயம். அப்படிக் கணக்குப் போட்ட பெண்ணைக் கதாநாயகன் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறான் என்று வை. அவள் அழகை அரைப் பக்கம் வர்ணிக்கத் தேவையே இருக்காது. (அந்தக் கிழமையில் நட்சத்திரம் சரிதானா என்று பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிடு. இதைப் பார்த்துக் கடிதம் போடுவதற்கென்றே வாசகர்கள் இருக்கிறார்கள்.)

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். சுயமரியாதைக் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று ஆனது அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தால், 1968ல்தான். 1943ல் உன் ஜோடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்பாவின் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. அவரைக் கோமாளியாக மட்டும் எழுதாதே.

மாப்பிள்ளை அழைப்புக்கு எந்தக் கார்?

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ், கார் பலவும் கரி கேஸில் ஓடின. வண்டியின் பின்னால் ஒரு உயரமான உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, ஒரு பையன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிப்பான். கேஸ் பிடித்து என்ஜின் உறுமுவதற்குள் அவன் முகம் கறுத்துவிடும். மேட்டில் வண்டி திணறினால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். இப்படி ஒரு வண்டியில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட மாப்பிள்ளையை உட்கார வை. முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் காஸ் லைட் தூக்கினவர்கள், வண்டி சத்திரத்துத் தெரு மேட்டில் நின்றுவிடுகிறது. நாதஸ்வரக்காரர் ஆலாபனையை முடிப்பதா நீட்டுவதா தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். தள்ள வருகிறவர்களில் முதல் ஆள் பெண்ணின் அண்ணன். இதைவிட வேறு ஹாஸ்யம் எதற்கு? சென்னையில் நடப்பதாக வைத்தால் வெளிச்சக் கட்டுப்பாடு வேறு உண்டு. காஸ் லைட்டை அணைக்கச் சொல்லி ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் பாதுகாப்பு) வார்டன் குறுக்கே வருவான். அந்த வார்டன் சின்ன வயசுக்காரனாக இருந்து, மணப்பெண்ணின் தங்கை அவனோடு மல்லுக்கு நின்றால் உனக்கு இரண்டாவது ஜோடியும் கிடைத்துவிட்டது.

எழுத்தாளர் சாவி ‘வாஷிங்டனில் திருமண’த்தில் செய்தது இதே வேலைதான். 1963ல் விகடனில் தொடராக வந்தது. அது சரித்திரக் கதை இல்லை, ஆனாலும் படி. வில்லனே கிடையாது. அப்பளம், ஜானவாசம், சம்பந்தி உபசாரம் என்று நடத்திவைக்கிற சிரமமே கதை.

உக்கிராண அறைச் சாவி

மணமக்களை விடு, கல்யாண வீட்டில் காதலிக்கிற இன்னொரு ஜோடி பேசிக்கொள்ள இடம் எங்கே? நந்தவனம், நிலவு, ஆற்றங்கரை எல்லாம் சினிமாவுக்கு. கல்யாண வீட்டில் ஒரு பெண்ணும் வெளி ஆண்பிள்ளையும் யாரும் தப்புச் சொல்லாமல் பத்து தரம் பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், சாமான் வைக்கிற உக்கிராண அறை வாசல். அந்தப் பெண்ணின் இடுப்பில் சாவி. தேங்காய் எத்தனை, சர்க்கரை எத்தனை வீசை, நெய் எந்த அண்டாவுக்குப் போனது எல்லாம் அவள் நோட்டில். கோட்டையடுப்புப் பக்கத்திலிருந்து தவசிப்பிள்ளை துண்டுச்சீட்டு கொடுத்தனுப்புகிறார். சீட்டைக் கொண்டுவருகிறவன் மாப்பிள்ளை வீட்டுப் பையன்.

“சர்க்கரை ரெண்டு வீசை.”

“காலம்பற ஒண்ணு போச்சே?”

“அது உங்க சம்பந்தி காபிக்கே போயிடுத்து.”

“எங்க சம்பந்தியா? உங்க அத்தைன்னு கேள்விப்பட்டேன்.”

அவ்வளவு போதும். மூன்றாம் நாள் சீட்டில் சாமான் எதுவும் எழுதியிருக்காது. அவள் அதையும் நோட்டில் வரவு வைப்பாள். யுத்த காலத்தில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு என்பதால் ஒவ்வொரு வீசைக்கும் கெடுபிடி செய்ய அவளுக்கு நியாயமும் இருக்கிறது.

வீசை என்றால் 40 பலம், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. கிலோவும் நயா பைசாவும் 1950களின் கடைசியில் வந்தவை. உன் கதைக்குள் அவற்றை விடாதே. பெரிய நகரத்தைத் தவிர மற்ற இடங்களில் கல்யாண மண்டபமும் வேண்டாம். வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல், வந்த விருந்தாளிகளுக்குப் பக்கத்து வீடு, மாப்பிள்ளை வீட்டாருக்குச் சத்திரம். பேச்சில் அந்தக் காலத்து வாசனைக்கு “பேஷ்”, “சர்க்கார்”, “ஜில்லா”, “சௌக்கியமா” போதும். வரிக்கு வரி மணிப்பிரவாளம் எழுதினால் நாடக வசனமாகிவிடும்.

பழைய வழக்கங்களைத் தெரிந்துகொள்ள உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எடு. 1868ல் நடந்த தன் கல்யாணத்தை எழுதியிருக்கிறார். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டு. கதைகளைவிட விளம்பரங்களை நன்றாகப் பார். என்ன சோப்பு, என்ன தலைவலித் தைலம், பட்டுப்புடவை என்ன விலை என்பது அங்கேதான் கிடைக்கும்.

பெரிய மனிதர்களை மேடையில் ஏற்றாதே. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையைக் கொண்டுவந்து வசனம் பேச வைத்தால் எங்காவது உதைக்கும். அவர் வாசிக்கப் போகிறாராம் என்று ஊரில் ஒரு வதந்தி கிளப்பு. அழைக்காத முந்நூறு பேர் பந்தலில் வந்து உட்காரட்டும். பெண்ணின் அப்பா சமையற்கட்டுக்கும் வாசலுக்கும் ஓடட்டும். வித்வான் வரவே வேண்டாம்.

இன்னொன்று. சிரிப்புக் கதை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதே. அந்தப் பந்தலுக்குள் யார் வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று இருந்தது. வரதட்சணை பேரம் இருந்தது. முகூர்த்த நேரத்தில் கண்ணில் படாதே என்று பின்கட்டுக்கு அனுப்பப்பட்ட விதவை அத்தைகள் இருந்தார்கள். இதற்கெல்லாம் நின்று பிரசங்கம் செய்யாதே. அந்த அத்தைக்கு வீட்டிலேயே கூர்மையான நாக்கைக் கொடு. பின்கட்டு ஜன்னலிலிருந்து அவள் அடிக்கும் ஒவ்வொரு கமெண்டுக்கும் வாசகி சிரிக்க வேண்டும், சிரித்த கையோடு அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று உறைக்க வேண்டும். கடிகாரக் குழப்பத்தை முதலில் கண்டுபிடிப்பவள் அவளாகவே இருந்தால் இன்னும் நல்லது. அவளுக்குத்தான் வெயிலைப் பார்த்து மணி சொல்லத் தெரியும்.

கதையைத் தாலி கட்டியதோடு முடிக்காதே. எல்லோரும் அங்கேதான் முடிக்கிறார்கள். மறுநாள் கட்டுச்சாதக்கூடை வரை இழு. சண்டை போட்ட சம்பந்திகள் புளியோதரைக்கு ராஜியாகட்டும், கரி கார் கிளம்ப மறுக்கட்டும், ரயிலுக்குப் புது டயப்படி நேரமாகிவிட்டது என்று யாராவது கத்தட்டும். உக்கிராணக் கணக்கை அங்கே தீர்த்துவிடு. எழுதி முடித்ததும் முதலில் அம்மாவிடம் கொடு. தேங்காய்க் கணக்கு இடித்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் திருத்தினதை அப்புறம் எனக்கு அனுப்பு.