விரல் நுனியில் இருக்கிறது பிரேக்
பைக் கிளவுஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

போடியில் பைக் வைத்திருந்து மெட்டு ஏறாதவர்கள் குறைவு. ஏலத்தோட்டத்துக்குப் போகும் கணக்குப்பிள்ளை, பூப்பாறையில் கடை போட்டிருப்பவர், ராஜகுமாரியில் பெண் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமையானால் மூணாறுக்குக் கிளம்பும் கல்லூரிப் பையன்கள் என்று ஆளுக்கொரு காரணம். முந்தலைத் தாண்டித் தொடங்கும் ஏற்றம் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் முடியும்போது, ஊர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்ந்திருப்போம்.

தலைக்கு என்ன போட வேண்டும் என்று சொல்லச் சட்டம் இருக்கிறது, ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். கைக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் அந்த விஷயத்தில் டீக்கடைப் பெஞ்சுதான் தீர்ப்புச் சொல்கிறது. அங்கே அடிக்கடி காதில் விழும் ஏழு தீர்ப்புகளைச் சரிபார்ப்போம்.

1. நம்பிக்கை: “கிளவுஸ் குளிருக்குத்தான். கீழே வெயிலில் எதற்கு?”

உண்மை: குளிர் பாதிக் காரணம்தான். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். அதோடு ஓடும் வண்டியில் எதிர்க்காற்றும் மூடுபனியின் ஈரமும் சேரும்போது விரல்கள் விறைத்துப்போகும். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும்.

மீதிப் பாதி, விழுவது. வண்டி சரிந்தால் உடம்பு யோசிப்பதற்கு முன்பே கை தரைக்குப் போய்விடும். அதை நம்மால் அடக்க முடியாது. கொண்டை ஊசி வளைவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் சரளைக்கல்லில் சறுக்கினாலும் முதலில் தேய்வது உள்ளங்கையின் அடிப்பாகம்தான். உள்ளங்கைத் தோல் போய்விட்டால் சோறு பிசைந்து சாப்பிடுவதிலிருந்து சட்டைப் பொத்தான் போடுவதுவரை எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் அடுத்தவர் கை வேண்டும். ஊன்றி விழுகிறவர்களுக்குக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிவதும் உண்டு. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதற்கு நாளாகும். முந்தலுக்குக் கீழே தார் ரோட்டில் விழுந்தாலும் இதே கதைதான்.

கீழே வெயில், மேலே பனி என்று இரண்டும் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஏற்றது, விரல்களின் மேல்பக்கம் பொடித்துளைகள் இட்ட மெல்லிய ஆட்டுத்தோல் கிளவுஸ். மார்கழி, தை மாதங்களில் அதனுள்ளே மெல்லிய துணிக் கிளவுஸ் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போடும் எண்ணம் இருந்தால், கடைக்குப் போகும்போதே அந்தத் துணிக் கிளவுஸையும் எடுத்துப்போய் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

2. நம்பிக்கை: “கொஞ்சம் தாராளமாக இருந்தால்தான் கைக்குச் சௌகரியம்.”

உண்மை: கடையில் சௌகரியம், இறக்கத்தில் ஆபத்து. மெட்டிலிருந்து கீழே வரும்போது முன்பிரேக்கில் எப்போதும் இரண்டு விரல் இருக்கும். கிளவுஸ் பெரிதாக இருந்தால் விரல் முடிந்த பிறகும் அரை அங்குலம் வெறும் தோல் நீட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்து விடும்போது அந்த மிச்சத் தோல் லீவருக்கும் ஆக்சிலேட்டர் பிடிக்கும் நடுவே மடிந்து மாட்டும். எதிரே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் வளைவை அடைத்து வருகிற நேரத்தில், மாட்டிய விரலை உருவிக்கொண்டிருக்க முடியாது.

தொல்லை இத்தோடு நிற்பதில்லை. உள்ளங்கையில் மிச்சமிருக்கும் தோல், பிடியை இறுக்கும்போது சுருக்கமாகத் திரளும். ஒரு மணி நேரம் ஓட்டினால் அந்தச் சுருக்கம் கட்டைவிரல் அடியில் கொப்புளமாகிவிடும். கிளவுஸ் உள்ளே வழுக்குவதால் நம்மை அறியாமலே பிடியை இன்னும் இறுக்குவோம், முன்கை கடுக்கும். கை வலிக்குப் பலரும் வண்டியின் ஹேண்டில்பாரைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் குற்றவாளி ஒரு சைஸ் பெரிய கிளவுஸ்தான்.

3. நம்பிக்கை: “தோல் போடப் போட விரிந்துகொடுக்கும். இறுக்கமாகவே வாங்கு.”

உண்மை: விரிந்துகொடுக்கும் என்பது சரி. எந்தப் பக்கம் என்பதில்தான் தவறு. உள்ளங்கையின் சுற்றளவில் தோல் கொஞ்சம் இளகும். விரலின் நீளத்தில் இளகுவது மிகக் குறைவு. உள்ளங்கையில் லேசான இறுக்கம் இருக்கலாம். சில வாரங்களில் படிந்துவிடும். விரல் நுனி தையலில் முட்டினால் அது என்றைக்கும் முட்டிக்கொண்டேதான் இருக்கும். விரலிடுக்கின் கவட்டுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலும் விரல் போதவில்லை என்று அர்த்தம்.

தையல்காரரின் டேப்பை எடுத்து, வேலைசெய்யும் கையின் நான்கு விரல் முட்டிகளைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கட்டைவிரலைச் சேர்க்க வேண்டாம். ஐரோப்பியப் பாதுகாப்புக் கிளவுஸ் அளவில் 7 என்றால் 178 மில்லிமீட்டர், 8 என்றால் 203, 9 என்றால் 229, 10 என்றால் 254. கிட்டத்தட்ட உள்ளங்கைச் சுற்றளவின் அங்குலக் கணக்குதான் அந்த எண். ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். பெண்களுக்குப் பெரும்பாலான கடைகளில் ஆண்களுக்கான சிறிய சைஸையே எடுத்து நீட்டுவார்கள். உள்ளங்கை சரியாக இருந்து விரல்கள் தொளதொளவென்று இருந்தால் அதை வாங்க வேண்டாம். பெண்களுக்கென்றே வெட்டித் தைத்தவை தனியாகக் கிடைக்கின்றன.

செருப்பு வாங்கினால் கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்க்கிறோம். கிளவுஸை மட்டும் கையை விரித்து வைத்து அழகு பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஓட்டும்போது கை விரிந்தா இருக்கிறது? கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பிடியைப் பிடித்து, க்ளச்சையும் பிரேக்கையும் பலமுறை அழுத்திப் பாருங்கள். இண்டிகேட்டர், ஹாரன் பொத்தான்களுக்குக் கட்டைவிரல் தடையில்லாமல் போகிறதா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தடித்த தையல் உறுத்துகிறதா? பிடித்த நிலையில் கிடைக்கும் பொருத்தம்தான் பொருத்தம்.

4. நம்பிக்கை: “வெல்டிங் கிளவுஸும் தோல்தானே? விலையும் குறைவு.”

உண்மை: நாட்டில் தொழிற்சாலைகளுக்கான தோல் கிளவுஸ் பெருமளவு கொல்கத்தாப் பக்கம் தயாராகிறது. தீப்பொறிக்கும் தகரத்தின் கூர் விளிம்புக்கும் அவை நல்ல பொருள்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, தோலின் மேல்பரப்பை உரித்த பிறகு மிஞ்சும் அடியடுக்கில் தைத்தவை. தோலில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும் உறுதியான பகுதி மேலே இருக்கிறது. அது இல்லாத அடியடுக்கு, தார் ரோட்டின் உராய்வில் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய குறை, வெல்டிங் கிளவுஸில் மணிக்கட்டுப் பட்டை கிடையாது. சூடு பட்டால் சட்டென்று உதறிக் கழற்ற வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர். விழும்போது கழன்று போகும் கிளவுஸ் போட்டும் போடாததுதான். பட்டையை மாட்டிவிட்டு விரல் நுனிகளைப் பிடித்து மறுகையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

5. நம்பிக்கை: “தடித்த தோலும் முட்டியில் கார்பன் கவசமும் இருந்தால் அதுதான் நல்ல கிளவுஸ்.”

உண்மை: தடிமன் கூடக் கூடப் பிடியின் பருமனும் கூடும், விரலுக்கு லீவரின் உணர்வு குறையும், பிடிப்பதற்குச் செலவாகும் பலமும் அதிகமாகும். ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தும் உறுதியானது. மாட்டுத்தோல் அதைவிடத் தடிமன், பழகக் கொஞ்சம் நாளாகும். பந்தய வீரர்கள் விரும்பும் கங்காருத் தோல் இரண்டையும்விட மெல்லியது, ஆனாலும் வலுவானது.

முட்டிக் கவசம் பார்க்க எடுப்பாக இருக்கும். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பாருங்கள். அடிப்பாகத்தில் இரண்டாவது தோல் அடுக்கு உண்டா? ரோட்டைப் பிடித்து நிற்காமல் வழுக்கிப் போகும்படி வைத்த கடினமான பிளாஸ்டிக் துண்டு உண்டா? முன்பு சொன்ன மணிக்கட்டு எலும்பைக் காப்பாற்றுவதில் அந்தத் துண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம் என்பவர்கள் இ.என். 13594 என்ற ஐரோப்பியத் தர எண்ணை உள்பட்டியில் தேடலாம். பைக் ஓட்டுபவர் படத்தின் அருகே 1 அல்லது 2 என்று இருக்கும். உராய்வுச் சோதனையில் உள்ளங்கைப் பகுதி குறைந்தது 4 விநாடி தாங்கினால் முதல் நிலை, 8 விநாடி தாங்கினால் இரண்டாம் நிலை. முட்டிக் கவசமும் சோதனையில் தேறியிருந்தால் ‘கே.பி.’ என்ற எழுத்துகள் இருக்கும். ‘கே.பி.’ இல்லாத கார்பன் முட்டி வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம்.

6. நம்பிக்கை: “தீக்குச்சி வைத்துப் பார்த்தால் அசல் தோலா என்று தெரிந்துவிடும்.”

உண்மை: அசல் தோலின் மேலும் பூச்சு உண்டு, அது கருகி நாறும். கடைக்காரர் தரும் ஜோடியில் தீ வைக்கவும் முடியாது. மணிக்கட்டுப் பக்கம் தோலை வெட்டிய விளிம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பொடி நார்கள் பின்னிக்கிடந்தால் தோல். துணியின் மேல் சீரான பிளாஸ்டிக் படலம் ஒட்டியது தெரிந்தால் ரெக்சின் வகை. மேல்பரப்பை விரலால் அழுத்தினால் தோலில் மெல்லிய சுருக்கங்கள் கிளம்பும். ஒரே அச்சில் வார்த்த புள்ளிகள் அசையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

‘ஜெனுயின் லெதர்’ என்று அச்சிட்டிருப்பது எந்த அடுக்குத் தோல் என்று சொல்லாது. அடியடுக்குக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ‘ஃபுல் கிரெயின்’ என்று இருந்தால் மேல்பரப்பு அப்படியே இருக்கிறது என்று பொருள்.

7. நம்பிக்கை: “நனைந்தால் இன்ஜின் மேல் வைத்துக் காயவை. விறைத்தால் தேங்காய் எண்ணெய் தடவு.”

உண்மை: இந்த இரண்டு யோசனைகளும் சேர்ந்து கெடுத்த கிளவுஸ்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப்புறம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப்புறம் மழை. நனையாமல் இருக்க வழியில்லை. நனைவதால் மட்டும் தோல் கெட்டுவிடாது. ஈரத்தோடு சூடு படுவதுதான் கெடுக்கிறது. ஈரத்தோல் ஓர் அளவுக்கு மேல் சூடானால் நார்கள் சுருங்கிவிடும். சுருங்கியது திரும்ப விரியாது. சைலன்சரின் சூடு அதற்குத் தாராளமாகப் போதும்.

இதில் பதனிட்ட விதமும் கணக்கு. ஆவாரம்பட்டையில் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. அப்படிப் பதனிட்ட தோல் அடிக்கடி நனைந்து காய்ந்தால் விறைத்து வெடிக்கும். கிணற்றுக் கமலையின் தோல் பைக்கு நீரைத் தாங்கும் தோல் வேண்டும் என்ற தேவையும் சேர்ந்துதான், 1900களின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய பைக் கிளவுஸ்களில் பெரும்பாலானவை குரோம் பதனிட்டவை. ஈரத்தையும் சூட்டையும் அவை கூடுதலாகத் தாங்கும். அதற்காக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வெப்பத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடலாம் என்று பொருளில்லை. தோல் காய்ந்து முறுகும். ஏலக்காயில் வியர்வை வாடை ஏறினால் முதலாளி சும்மா விடமாட்டார். பழைய நாளிதழைத் திணித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பாதி காய்ந்ததும் கையில் போட்டு விரல்களை மடக்கி நீட்டி, மறுபடி காயவையுங்கள். கையின் வளைவுக்குப் படிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். போடியில் இளக்கமாகத் தடவியது மெட்டுக்குப் போகும்போது உள்ளங்கையில் வெண்மையாக இறுகி நிற்கும். வெயில் ஏறினால் மறுபடி உருகி ஆக்சிலேட்டர் பிடியில் வழுக்கும். புழுதியையும் இழுத்துச் சேர்க்கும், நாளானால் சிக்கு வாடையும் அடிக்கும். தோலுக்கென்று விற்கும் கிரீமைப் பயறளவு எடுத்து, வெளிப்புறம் மட்டும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தடவினால் போதும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கும் விதி இதுதான். பார்சல் வந்ததும் பட்டியைக் கிழிக்காமல், வீட்டு வாசலில் வண்டிமேல் உட்கார்ந்து லீவரை அழுத்துங்கள். மணிக்கட்டுப் பட்டையை மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும், எவ்வளவு தள்ளுபடியில் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். போட்டிருப்பதே மறந்துபோகிற கிளவுஸைத்தான் தினமும் போடுவோம். உறுத்துகிற கிளவுஸ் எத்தனை விநாடி உராய்வைத் தாங்கினாலும், விழுகிற அன்று அது பெட்ரோல் டேங்க் பையில்தான் இருக்கும்.