காதுக்குத் தெரியாத வேலை

‘டப்பிங்னா பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவேன்’ என்று மார்தட்டாத சினிமா ரசிகர் குறைவு. மோசமான டப்பிங்கைத்தான் கண்டுபிடிக்கிறோம். நல்லது கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போய்விடும். 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவுக்கான விருது ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அது தளத்தில் பதிவானதே அல்ல, டப்பிங் செய்த படம் என்று அதன் ஒலி வடிவமைப்பாளரே சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நடுவர்களுக்கே அந்தக் கதி.

டப்பிங் பல்லிளிப்பது பெரும்பாலும் உதட்டில் அல்ல, இடத்தில். வெட்டவெளியில் பத்தடி தள்ளி நிற்பவரின் குரல், மெத்தை அடித்த அறைக்குள் காதோரம் பேசுவதுபோல் கேட்டால் மனம் ஒட்டாது. நன்றாகச் செய்தால் மூச்சும் சேர்ந்து நடிக்கும். ‘96’ படத்து ஜானு திரையில் த்ரிஷா, குரலில் சின்மயி. அடுத்த முறை வசனத்தை விட்டுவிட்டு, வசனத்துக்கு முந்தைய மூச்சை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

‘லைவ் சவுண்டா? மைக்கை நீட்டினால் முடிந்தது’ என்பது இன்னொரு தப்புக் கணக்கு. ‘விருமாண்டி’ (2004) மாதிரி தளத்திலேயே வசனம் பதிவு செய்வதென்றால் வேலை இரட்டிப்பு. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜெனரேட்டரைத் தெருக்கோடிக்குத் தள்ள வேண்டும். உடைக்குள் ஒளித்த மைக்கில் பட்டுச் சேலை உரசினால் அந்த டேக் போச்சு. காட்சி முடிந்ததும் ஒலிப்பதிவாளர், ‘ரூம் டோன் எடுக்கிறேன், யாரும் அசையாதீங்க’ என்பார். டீ கிளாஸும் கையுமாக இருப்பவர் அரை நிமிடம் அப்படியே நிற்பார். பதிவாவது அந்த அறையின் வெறுமை. இருவர் பேசும் காட்சியில் ஷாட்டுக்கு ஷாட் பின்னணி இரைச்சல் மாறும். வெட்டிய இடமெல்லாம் குழி விழும். அந்தக் குழிகளை இந்த அரை நிமிட வெறுமையை வைத்துத்தான் பூசி மெழுகுவார்கள். சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த ஒலி இதுதான் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

‘வசனம் புரியலையா, சத்தத்தைக் கூட்டு.’ இது வீட்டுக்கு வீடு நடப்பது. பேச்சின் பலம் உயிரெழுத்தில் இருக்கிறது. சொல்லைப் பிரித்துக் காட்டுவதோ மெல்லிய மெய்யொலிகள். சத்தத்தைக் கூட்டினால் அவற்றை அமுக்கும் பின்னணி இசையும் கூடவே ஏறுகிறது. போதாததற்கு, மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் தன் படங்களுக்கு விதிக்கும் மைனஸ் 27 என்ற ஒலியளவு வசனத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுவது. சண்டைக்காட்சி அதைத் தாண்டி எகிற இடமுண்டு. ரகசியம் பேசும்போது சத்தத்தை 40இல் வைத்த அப்பா, குண்டு வெடித்ததும் ரிமோட்டைத் தேடுவது இதனால்தான். டிவியின் ஒலி அமைப்பில் ‘சரவுண்ட்’ இருந்தால் ‘ஸ்டீரியோ’வுக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது.